திரைக்கு வராத சிறைவாசம்: போர்க்கைதித் திரைப்படங்களும் சயாம் இருப்புப்பாதைத் தமிழரும்

முன்னுரை

1943-ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோ, அமெரிக்க ஏழாம் படையிடம் வீழ்ந்தது. மூன்றாம் நாள் முசோலினி பதவி இழந்தார். செப்டம்பர் 3 அன்று அதே தீவின் கசிபிலே என்னும் ஊரில் இத்தாலி போர்நிறுத்த உடன்பாட்டில் கையொப்பமிட்டது. செப்டம்பர் 8 அன்று அது வெளியிடப்பட்டது. அப்போது இத்தாலியச் சிறைமுகாம்களில் ஏறத்தாழ 80,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் இருந்தனர். காவலர் அகன்ற முகாம்களிலிருந்து பல்லாயிரவர் மலைகளை நோக்கி நடந்தனர்; எஞ்சியோரை ஜெர்மானியர் இரயில்களில் ஏற்றி வடக்கே கொண்டுசென்றனர். ஃபிராங்க் சினாட்ரா நடித்து 1965-இல் வெளிவந்த 'வான் ரயான்ஸ் எக்ஸ்பிரஸ்' என்னும் திரைப்படம் இந்நிகழ்வின்மேல் கட்டப்பட்டது. அதில் கைதிகள் தங்களை ஏற்றிச் சென்ற இரயிலையே கைப்பற்றிச் சுவிட்சர்லாந்தை நோக்கி ஓட்டுகின்றனர்.

பலெர்மோ வீழ்ந்த அதே திங்களில், சயாம்–பர்மா எல்லைக் காடுகளில் மலாயாவின் பால்மரத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் வாந்திபேதியால் மடிந்துகொண்டிருந்தனர். அவர்களும் மூடிய சரக்குப் பெட்டிகளில் இரயிலேற்றப்பட்டவர்களே. அவர்கள் அமைத்த பாதையைப் பற்றிய திரைப்படம் உலகப் புகழ் பெற்றது. அதில் அவர்கள் இல்லை.

இவ்வின்மையை இயக்குநர்களின் கவனக்குறைவு என்றோ மேலை நாட்டாரின் புறக்கணிப்பு என்றோ கூறி முடித்துவிடுவது எளிது. 'போர்க்கைதி' என்ற சொல் சட்டத்தில் எவரைக் குறித்ததோ அவரைப் பற்றியே திரைக்கதையும் எழுந்தது, நினைவுச்சின்னமும் எழுந்தது, இழப்பீடும் கிடைத்தது என்பதை ஆவணங்களாலும் படங்களாலும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

போர்க்கைதித் திரைப்படத்தின் இலக்கணம்

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்தாண்டுகளுக்குள் போர்க்கைதிகளைப் பற்றிய திரைப்படங்கள் ஒரு தனி வகையாக உருப்பெறத் தொடங்கின. 'தி வுடன் ஹார்ஸ்' (1950), 'ஸ்டாலக் 17' (1953), 'தி கோல்டிட்ஸ் ஸ்டோரி' (1955), 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' (1957), 'தி கிரேட் எஸ்கேப்' (1963) ஆகியவை அவ்வகையின் முதன்மைப் படைப்புகள். இவற்றை ஒருங்கே வைத்து நோக்கினால் நான்கு பொதுக்கூறுகள் புலனாகும்.

முதலாவது சீருடையும் பதவிநிலையும். கதைத்தலைவன் பெரும்பாலும் அதிகாரி. சிறைக்குள்ளும் அவனுக்கு மேலோரும் கீழோரும் உண்டு. இரண்டாவது சட்டம். 1929-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை கைதிக்கு உரிமை தருகிறது. அதை மதிக்கும் காவலனுக்கும் மீறும் காவலனுக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து கதையின் முரண் பிறக்கிறது. மூன்றாவது பெயர்ப்பட்டியல். காலையிலும் மாலையிலும் தலை எண்ணப்படுகிறது. வீட்டுக்குக் கடிதம் செல்கிறது. செஞ்சிலுவைப் பொட்டலம் வருகிறது. ஒருவன் காணாமற்போனால் அது உடனே தெரிந்துவிடும். நான்காவது தப்பித்தல். அது கடமையாகவும் வீரமாகவும் போற்றப்படுகிறது. தப்பியவன் சென்றடைய நடுநிலை நாடு ஒன்றோ தன் படையின் முன்னணியோ எங்கோ இருக்கிறது.

இந்நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. சட்டம் இருப்பதால் பட்டியல் உண்டு, பட்டியல் இருப்பதால் தப்பித்தல் நிகழ்ச்சியாகிறது, தப்பித்தவன் அதிகாரியாதலால் பின்னாளில் நினைவுக்குறிப்பு எழுதுகிறான், நினைவுக்குறிப்பு திரைக்கதையாகிறது. 'தி கிரேட் எஸ்கேப்' இதற்குத் தெளிவான சான்று. சாகன் நகரில் இருந்த ஸ்டாலக் லுஃப்ட் மூன்றாம் முகாமிலிருந்து 1944 மார்ச் 24 இரவில் 76 பேர் சுரங்கவழியாக வெளியேறினர். 73 பேர் பிடிபட்டனர். அவர்களுள் 50 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். மூவர் மட்டுமே நாடு சேர்ந்தனர். அம்முகாமில் கைதியாக இருந்த பால் பிரிக்ஹில் 1950-இல் எழுதிய நூலிலிருந்து ஜான் ஸ்டர்ஜஸ் படத்தை உருவாக்கினார். தப்பிய 76 பேருள் அமெரிக்கர் எவரும் இல்லாதிருந்தும், படத்தில் அமெரிக்க நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் மோட்டார் சைக்கிளில் முள்வேலியைத் தாண்ட முயல்கிறார். நடவாததைச் சேர்க்கும் உரிமையைத் திரைக்கதை எடுத்துக்கொண்டது. நடந்தவற்றுள் எதைச் சேர்ப்பது என்பதை மட்டும் மேற்கண்ட இலக்கணமே தீர்மானித்தது.

இத்தாலியச் சிறையில் ஒரு தமிழர்

இவ்விலக்கணத்துக்கு முற்றும் பொருந்திய தமிழர் ஒருவரும் இருந்தார். மதராஸ் மாகாணத்தின் முதலமைச்சராக 1926 முதல் 1930 வரை இருந்த ப. சுப்பராயனின் மகனான பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம், இந்தியப் பீரங்கிப் படையின் அதிகாரியாக வடஆப்பிரிக்காவில் போரிட்டு, 1942-இல் லிபியப் போர்க்களத்தில் சிறைப்பட்டார். முதலில் இத்தாலியில் வைக்கப்பட்ட அவர் பின்னர் ஸ்டாலக் லுஃப்ட் மூன்றாம் முகாமுக்கு மாற்றப்பட்டார் என்று அவர்தம் வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. போரில் காட்டிய வீரத்துக்காக டி.எஸ்.ஓ. விருது பெற்ற இவரே 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார். வடஆப்பிரிக்காவில் அதே ஆண்டில் பிடிபட்டு இத்தாலியச் சிறையிலிருந்து தப்பிய யாஹ்யா கான், அதே 1966-இல் பாகிஸ்தான் படையின் தலைவரானார். ஒரே நாட்டுப் போர்க்கைதிகளாக இருந்த இருவர் கால் நூற்றாண்டுக்குள் எதிரெதிர்ப் படைகளின் தலைவர்களாயினர் என்பது எந்தத் திரைக்கதைக்கும் குறையாத செய்தி. ஆயினும் மேற்குறித்த படங்கள் எவற்றிலும் இந்திய அதிகாரி ஒருவர் முதன்மைக் கதைமாந்தராக இல்லை.

எனினும் குமாரமங்கலத்தின் சிறைவாசம் வரலாற்றில் பதிவாகியுள்ளது. அவருக்குப் பதவி இருந்தது, படைப்பிரிவு இருந்தது, கைதிகளின் பட்டியலில் பெயர் இருந்தது. படம் எடுக்கப்படாவிடினும் படம் எடுப்பதற்குரிய ஆவணம் இருந்தது. சயாமுக்குச் சென்ற தமிழருக்கு அந்த ஆவணமே இல்லை. இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான தொலைவுதான் ஆராயத்தக்கது.

சயாம்–பர்மா இருப்புப்பாதையும் மலாயாத் தமிழரும்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. கடல்வழியாகப் பர்மாவுக்குப் படைக்கலன் அனுப்புவது இடர்மிக்கதாக இருந்ததால், சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை அமைக்க ஜப்பானியப் படை முடிவு செய்தது. 1942-இல் தொடங்கிய பணி, இருமுனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17 அன்று இணைந்ததும் முடிவுற்றது. 60,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் இதில் ஈடுபடுத்தப்பட்டனர்; அவர்களுள் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இப்பணியில் ஈடுபடுத்தப்பட்ட ஆசியத் தொழிலாளரின் தொகை ஏறத்தாழ இரண்டு இலட்சம் என மதிப்பிடப்படுகிறது. பர்மியர், மலாய்க்காரர், சாவகர், சீனர், தமிழர் எனப் பல இனத்தவர் அவர்களுள் அடங்குவர். இறந்தோர் தொகையை 80,000 முதல் ஒரு இலட்சம் வரை பலர் பலவாறு கணித்துள்ளனர். மலாயாவிலிருந்து சென்றோர் மட்டும் ஆவணக் கணக்கின்படியே 70,000-க்கும் மேற்பட்டவர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையர் தமிழர். போர்க்கைதிகளின் இறப்பைப் பெயரோடும் நாளோடும் சொல்ல முடிகிறது. ஆசியத் தொழிலாளரின் இறப்பைப் பல்லாயிரக்கணக்கான வேறுபாட்டோடு ஊகிக்க மட்டுமே முடிகிறது. கணக்கின் இந்த நெகிழ்ச்சியே எண்ணப்பட்டவர் யார், எண்ணப்படாதவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது.

தோட்டத் தமிழர் இப்பணிக்குக் கிடைத்ததற்குப் பொருளியல் காரணம் தெளிவானது. ஜப்பானிய ஆட்சியில் இரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்கள் மூடப்பட்டன, ஆங்கிலேயத் துரைமார் சிறைப்பட்டனர் அல்லது நாட்டை விட்டு ஓடினர். பால்வெட்டுக் கூலியையும் பங்கீட்டு அரிசியையும் நம்பிய குடும்பங்கள் மரவள்ளிக்கிழங்கால் உயிர்வாழ்ந்தன. நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவு, உறைவிடம், மூன்று மாதத்தில் ஊர் திரும்பலாம் என்ற வாக்குறுதியோடு முதல் ஆள்சேர்ப்பு நடந்தது. சென்றவர் திரும்பாததும் செய்தி வராததும் கண்டு மக்கள் தயங்கியபோது, ஒவ்வொரு தோட்டத்துக்கும் இத்தனை பேர் என்று கணக்கு விதிக்கப்பட்டது. கிராணிமாரும் கங்காணிமாரும் அக்கணக்கை நிறைவேற்றும் கருவிகளாயினர். பின்னர் சாலைகளிலும் கடைத்தெருக்களிலும் வெளிப்படையாகவே ஆள் பிடித்தனர்.

இவ்வாள்பிடிப்பில் ஒரு முறை திரைப்பட வரலாற்றோடு தொடர்புடையது. இலவசத் திரைப்படக் காட்சி என்று அறிவித்து மக்களைக் கொட்டகைக்கு வரவழைத்து, அரங்கு நிறைந்ததும் கதவுகளை அடைத்து, உடல்வலிமையுள்ள ஆண்களைப் பிரித்து நேரே இரயிலேற்றினர் என்று மலாயாவின் ஜப்பானியர் காலத்தை ஆராய்ந்தோர் பதிவு செய்துள்ளனர். மலேசியத் தமிழரின் வாய்மொழி நினைவிலும் இச்செய்தி நிலைத்துள்ளது. படம் பார்க்கச் சென்று பாதை போடச் சென்றவர்களின் கதை பின்னர் எழுந்த படங்கள் எவற்றிலும் இடம்பெறவில்லை.

காட்டில் நேர்ந்த இறப்பு வேறுபாட்டுக்கும் தெளிவான காரணம் உண்டு. போர்க்கைதிகளின் முகாமில் படையொழுங்கு தொடர்ந்து இருந்தது. அவர்களோடு மருத்துவர் இருந்தனர். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்ற கட்டளை இருந்தது. அதிகாரிகள் தம் ஊதியத்தின் ஒரு பகுதியைத் திரட்டி நோயாளிகளுக்கு முட்டையும் மருந்தும் வாங்கினர். தமிழர் முகாம்களில் இவற்றுள் எதுவும் இல்லை. வெவ்வேறு தோட்டங்களிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட அவர்களுக்குத் தலைமை இல்லை. சிலர் மனைவி மக்களோடும் வந்திருந்தனர். 1943 பருவமழையில் வாந்திபேதி பரவியபோது மூங்கில் கொட்டகைகள் முழுவதும் பிணங்களாயின. நிலை கைமீறிய பின்னரே ஜப்பானியர், 'கே' பிரிவு, 'எல்' பிரிவு எனப் பெயரிட்ட இரண்டு போர்க்கைதி மருத்துவக் குழுக்களை 1943-இல் ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினர். தமிழரின் நிலையைப் பற்றிக் கிடைக்கும் நேர்ச்சாட்சியங்களில் கணிசமானவை இம்மருத்துவக் குழுக்களும் பிற போர்க்கைதிகளும் எழுதி வைத்தவை. மலாயாவில் மருத்துவராக இருந்து கைதியான இராபர்ட் ஹார்டியின் நாட்குறிப்பு 1983-இல் நூலாக வந்தபோது, இத்தொழிலாளரின் அழிவு பற்றிய அவருடைய குறிப்புகள் ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றன. ஆகவே போர்க்கைதிகள் தமிழரைக் காணவில்லை என்று சொல்வதற்கில்லை. கண்டார்கள், எழுதினார்கள். நாட்குறிப்பில் இடம்பெற்ற தமிழர் திரைக்கதைக்குச் செல்லும் வழியில்தான் விடுபட்டனர்.

நாவலிலிருந்து திரைக்கு: மலாயாவும் கித்துல்கலவும்

அவ்வழியின் முதற்படி பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952-இல் வெளியிட்ட நாவல். பூல் 1936 முதல் மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தில் பொறியாளராகப் பணிபுரிந்தவர். அத்தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்டு 1951-இல் வேறொரு நாவலும் எழுதியவர். போரின்போது சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, இந்தோசீனாவில் விஷி அரசின் பிரெஞ்சுக்காரராலேயே சிறைப்பட்டார். எந்த மக்கள் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனரோ அந்த மக்கள் நடுவே வாழ்ந்தவர் அவர். எனினும் பாலத்தைப் பற்றி எழுதியபோது அவருடைய அக்கறை ஆங்கிலேய அதிகாரியின் கடமையுணர்வு எவ்வாறு பகைவனுக்குப் பணிசெய்வதில் முடிகிறது என்ற முரணைப் பற்றியதாக இருந்தது.

டேவிட் லீன் இயக்கிய படத்தில் கதை ஒரு சட்டப்பிரிவிலிருந்தே தொடங்குகிறது. ஜெனீவா உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவின்படி அதிகாரிகளை உடலுழைப்பில் ஈடுபடுத்தலாகாது என்று கர்னல் நிக்கல்சன் வாதிடுகிறார். உடன்படிக்கை நூலைக் கையில் வைத்திருக்கிறார். முகாம் தலைவன் சைட்டோ அதைப் பிடுங்கி அவர் முகத்தில் அறைகிறான். ஜப்பான் அவ்வுடன்படிக்கையில் கையொப்பமிட்டிருந்தும் அதை ஏற்புறுதி செய்யவில்லை என்பது வரலாறு. ஆயினும் நிக்கல்சனுக்கு மேற்கோள் காட்ட ஒரு சட்டம் இருந்தது. நாடகத்தின் முதற்பாதி முழுவதும் அச்சட்டத்தின்மேல் நிற்கிறது. தோட்டத் தொழிலாளி மேற்கோள் காட்டச் சட்டமே இல்லை. பகைவர் கையில் அகப்பட்ட குடிமக்களுக்கான விரிவான பாதுகாப்பு 1949-இல் ஏற்பட்ட நான்காம் ஜெனீவா உடன்படிக்கையால்தான் உருவானது. 1943-இல் அவன் போர்க்கைதியும் அல்லன். ஒப்பந்தத் தொழிலாளியும் அல்லன். ஜப்பானியர் அவனை 'ரோமுஷா' என்றனர். உழைப்பாளி என்பதே அதன் பொருள்.

படம் எடுக்கப்பட்ட இடமும் கருதத்தக்கது. சயாமுக்கு மாற்றாக இலங்கையின் களனி ஆற்றங்கரையிலுள்ள கித்துல்கல தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கு மரப்பாலம் ஒன்று கட்டப்பட்டு, 1957 மார்ச்சில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க காண வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கித்துல்கலவைச் சூழ்ந்த மலைச்சாரல்கள் தேயிலையும் இரப்பரும் விளையும் தோட்டப்பகுதிகள். அங்கு உழைத்த தமிழர், மலாயாத் தோட்டத்தமிழரைப் போலவே தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துச் செல்லப்பட்டோரின் வழியினர். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பான்மையோரைக் குடியுரிமை அற்றவர்களாக்கியிருந்தது. உரிமை மறுக்கப்பட்ட ஆங்கிலேய அதிகாரியின் கதை, எவ்வுரிமையும் அற்ற தமிழர் வாழ்ந்த மலைகளின் அடிவாரத்தில் படமாக்கப்பட்டது. இதைப் படக்குழுவின் குற்றம் என்பதற்கில்லை. உரிமை என்ற சொல் அக்காலத்தில் எவரிடம் நின்றுவிட்டது என்பதை இவ்வமைவு காட்டுகிறது.

படம் சிறந்த படம், இயக்குநர், நடிகர் உள்ளிட்ட ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. உண்மையான பாலத்தருகே முகாமில் இருந்த ஆங்கிலேயர்கள், தங்கள் தலைவர் கர்னல் ஃபிலிப் டூசி பகைவனுக்கு உடன்பட்டவர் அல்லர் என்று படத்தின் சித்திரிப்பை மறுத்தனர். அம்மறுப்பு நூல்களாகவும் ஆவணப்படங்களாகவும் விரிந்தது. படத்தின் கதையில் ஆசியத் தொழிலாளரே இல்லை என்பதை மறுத்துரைக்க அன்று எவரும் எழவில்லை. தவறாகக் காட்டப்பட்டவருக்கு மறுக்கும் வாய்ப்பாவது உண்டு. காட்டப்படாதவருக்கு அதுவும் இல்லை. படத்தின் புகழால் காஞ்சனபுரிக்கு வந்த பயணிகள் 'க்வாய்' ஆற்றைத் தேடினர். பாலம் நின்றதோ மே குலோங் ஆற்றின்மேல். எனவே 1960-இல் ஆற்றின் அப்பகுதிக்குக் க்வே யாய் என்று பெயர் மாற்றப்பட்டது. ஒரு திரைப்படம் ஓர் ஆற்றின் பெயரையே மாற்றும் வலிமை பெற்றிருந்தது. இறந்தவர் எவர் என்பதைப் பற்றிய உலக நினைவையும் அது அவ்வாறே வகுத்தது.

தப்பித்தல் என்னும் வீரச்செயல்

தமிழரின் அனுபவம் இவ்வகைத் திரைப்படத்துக்கு ஏற்றதன்று, அதில் நிகழ்ச்சி இல்லை, துன்பம் மட்டுமே உண்டு என்று ஒருவர் கூறக்கூடும். ஆவணங்கள் இக்கூற்றை ஏற்கவில்லை. போர் முடிந்தபின் தொகுக்கப்பட்ட கணக்குகளில் மலாயாத் தொழிலாளரைப் பற்றிய பகுப்பில் இறந்தோர், திருப்பியனுப்பப்பட்டோர் ஆகிய பிரிவுகளோடு ஓடிப்போனோர் என்று ஒரு தனிப்பிரிவும் உண்டு. அதில் பல்லாயிரவர் இடம்பெறுகின்றனர். போர்க்கைதித் திரைப்படத்தின் உயிர்நிலையான தப்பித்தல், எந்தப் படத்திலும் காட்டப்படாத பேரளவில் இங்கு நிகழ்ந்தது.

ஆனால் அதன் தன்மை வேறு. சாகனில் தப்பிய விமானப்படையினர் தைத்த உடையும் போலிக் கடவுச்சீட்டும் வரைபடமும் கொண்டு சென்றனர். சுவீடனும் சுவிட்சர்லாந்தும் அவர்கள் இலக்கு. சயாமில் தப்பிய தமிழனுக்கு மொழி தெரியாது, வழி தெரியாது, சேர்வதற்கு நடுநிலை நாடு இல்லை. மலாயாவை அடைந்தாலும் அங்கு ஆள்வது அதே ஜப்பானியரே. அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் ஒழுங்காக எழுதப்படாததால், அவன் தப்பினானா, காட்டில் இறந்தானா என்பதும் உறுதியாகாது. 'ஓடிப்போனோர்' என்ற பிரிவில் இறந்தோர் எத்தனை பேர் அடங்கினர் என்று பிரித்தறிய வழியில்லை. தப்பித்தல் வீரமாவதற்குத் தப்பியவன் வந்து சொல்ல வேண்டும். சொன்னதை எழுத ஒருவர் வேண்டும். தோட்டத்து லயங்களுக்கு 1945-க்குப் பின் திரும்பி வந்தோர் சொன்னதை மனைவியரும் பிள்ளைகளும் கேட்டனர். எழுதுவோர் அப்போது இல்லை.

ஆள்பிடிப்பிலிருந்து தப்ப வேறொரு வழியும் இருந்தது. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத் தமிழர் பெருமளவில் சேர்ந்தனர். விடுதலை வேட்கையோடு, படையில் சேர்ந்தால் சயாமுக்குப் போக வேண்டியதில்லை என்ற எண்ணமும் சிலரைச் செலுத்தியதாக ஆய்வாளர் கூறுவர். சீருடை அணிந்ததும் அதே தொழிலாளி வரலாற்றின் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினான் என்பது இங்குக் குறிக்கத்தக்கது. அவன் அண்ணனோ தம்பியோ சீருடையின்றிச் சயாமுக்குச் சென்றான்; அவன் தெரியவில்லை.

கல்லறை, இழப்பீடு, நினைவு

சட்டத்தின் வகைப்பாடு போருக்குப் பின்னும் தொடர்ந்தது. காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத்தோட்டத்தில் 6,900-க்கும் மேற்பட்டோர் தனித்தனிக் கல்லறைகளில் உறங்குகின்றனர். போர்க்கைதிகளின் புதைகுழிகளைத் தேடிக் கண்டறிந்து, உடல்களை ஒன்றுசேர்த்துப் பெயர் பொறித்தனர். ஆசியத் தொழிலாளர் காட்டிலே புதைக்கப்பட்ட இடத்திலேயே விடப்பட்டனர். 1990-இல் காஞ்சனபுரியில் நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவை அத்தொழிலாளருடையவை என்று கொள்ளப்பட்டது.

1951-ஆம் ஆண்டின் சான்பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு, ஜப்பானியர் கையில் துன்புற்ற நேசநாட்டுப் படையினரான போர்க்கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே இழப்பீடு வழங்க வகைசெய்தது. அப்பிரிவின் சொற்களுக்குள் தோட்டத் தொழிலாளி அடங்கவில்லை. கைம்பெண்களுக்கும் அநாதைகளுக்கும் அதனால் பயன் விளையவில்லை.

தமிழ் எழுத்து பொறிக்கப்பட்ட மிகப் பழைய நினைவுச்சின்னம் ஜப்பானியரே 1944-இல் பாலத்தருகே எழுப்பியது என்பது வரலாற்றின் கசப்பான முரண். பாதை அமைத்து மாண்டோருக்காக எழுப்பிய அத்தூணில் பிற மொழிகளோடு தமிழும் இடம்பெற்றது. இறந்தவருள் தமிழர் மிகுதி என்பதைக் கொன்றவர் அறிந்திருந்தனர். வென்றவர் தம் சின்னங்களில் அதைக் குறிக்கவில்லை. தமிழரே முன்னின்று காஞ்சனபுரியின் தாவோர்ன் வராராம் விகாரையில் நடுகல் நாட்டியது 2023-இல்தான்; பாதை முடிந்து எண்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. போரில் பட்டோருக்குப் பெயரும் பீடும் எழுதி நடுகல் நாட்டுவது சங்க இலக்கியம் காட்டும் வழக்கம். இங்கு நாட்டிய கல்லில் எழுதப் பெயர்கள் கிடைக்கவில்லை.

தமிழ் நாவலும் தமிழ்த் திரையும்

ஆவணம் தவறவிட்டதை இலக்கியம் ஓரளவு ஈடுசெய்தது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' (2005) ஆகிய நாவல்கள் இம்மக்களைக் கதைமாந்தராக்கின. 2010-களில் மலேசியத் தமிழ் இளைஞர்கள் உயிரோடிருந்த முதியோரைத் தேடிச் சென்று ஆவணப்படமும் எடுத்தனர். நிகழ்வுக்கும் நாவலுக்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்தது. வாய்மொழியாகத் தோட்டத்துக்குள் இருந்தது எழுத்துக்கு வர, தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிப்படிப்பு முடித்து எழுத்தாளராக வேண்டியிருந்தது.

தமிழ்த் திரையுலகம் போர்க்கைதியை அணுகிய விதம் மேற்கூறிய இலக்கணத்தின் வலிமையை உறுதிப்படுத்துகிறது. மணிரத்னம் இயக்கிய 'காற்று வெளியிடை' (2017) கார்கில் போரில் பிடிபட்டு இராவல்பிண்டிச் சிறையிலிருந்து தப்பும் இந்திய விமானப்படை விமானியைக் கதைத்தலைவனாகக் கொண்டது. 1971-ஆம் ஆண்டுப் போரில் பிடிபட்ட திலீப் பருல்கர் முதலிய மூன்று விமானிகள் 1972 ஆகஸ்டில் அதே நகரத்து முகாமிலிருந்து தப்பி, ஆப்கானிய எல்லைக்கு அருகே பிடிபட்ட உண்மை நிகழ்வு இக்கதையை நினைவூட்டுகிறது. சீருடை, பதவி, சட்டம், தப்பித்தல் ஆகிய அனைத்தும் இதில் உண்டு. மறுபுறம் பாலா இயக்கிய 'பரதேசி' (2013) தேயிலைத் தோட்டத்துக் கொத்தடிமைகளின் வாழ்வைக் காட்டியது. அதில் முகாம் உண்டு, காவல் உண்டு, கொள்ளைநோய் உண்டு, தப்ப முயன்றவனுக்குத் தண்டனை உண்டு. ஆயினும் அதைப் போர்க்கைதிப் படம் என்று எவரும் கூறார். விமானியைக் கைதியாகவும் கூலியைக் கூலியாகவும் காணும் பகுப்பு தமிழ்த் திரையிலும் நிலைபெற்றுள்ளது. சயாம் சென்ற தமிழர் இவ்விரண்டுக்கும் இடையே நிற்பவர். போர் அவர்களைச் சிறைப்படுத்தியது. சிறை அவர்களைக் கூலியாகவே வைத்தது. அவர்களுக்குரிய படம் எழ வேண்டுமாயின் இவ்விரு மரபுகளும் ஒன்றாக வேண்டும்.

முடிவுரை

போர்க்கைதித் திரைப்படம் ஒருவகையில் நேர்மையானது. தான் அறிந்த சட்டத்தையும் தனக்குக் கிடைத்த பட்டியலையும் அது பின்பற்றியது. குறை சட்டத்தின் எல்லையில் இருந்தது. சிறைப்பட்டோரின் வரலாற்றை எழுதுவோர் 'கைதி' என்ற சொல்லை ஆவணம் தரும் பொருளோடு ஏற்றுக்கொண்டால், திரைப்படம் விட்ட அதே இடத்தையே விடுவர். தோட்டத்துப் பற்றுவழிப் பதிவேடுகள், கோயில் திதிக் குறிப்புகள், போர்க்கைதி மருத்துவரின் நாட்குறிப்புகள், திரும்பி வந்தோர் பிள்ளைகளின் நினைவுகள் ஆகியவற்றை ஒருங்கே தொகுப்பதே எஞ்சியுள்ள வழி. நேரில் கண்டோர் ஏறத்தாழ அனைவரும் மறைந்துவிட்ட காலம் இது.

பலெர்மோவுக்கு இவ்வாய்வில் இன்னுமொரு தொடர்பு உண்டு. 1980-களிலிருந்து இலங்கைப் போரால் இடம்பெயர்ந்த தமிழர் அந்நகரில் குடியேறினர். இத்தாலியின் பெரிய தமிழ்க் குடியிருப்புகளுள் ஒன்று இன்று அங்குள்ளது. சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலை நாடிப் பெல்லெக்ரீனோ மலையேறுவோருள் அவர்களும் உள்ளனர். 2009-இல் அப்போர் முடிந்தபோது 2,50,000-க்கும் மேற்பட்ட தமிழர் முள்வேலி முகாம்களில் வைக்கப்பட்டனர்; அவர்களைக் குறித்த சொல் 'இடம்பெயர்ந்தோர்'. படையிடம் கையளிக்கப்பட்டோரைக் குறித்த சொல் 'சரணடைந்தோர்'. உள்நாட்டுப் போரில் போர்க்கைதி என்னும் தகுதியைப் பன்னாட்டுச் சட்டம் வழங்குவதில்லையாதலால், வேலிக்குள் இருந்த எவரும் அச்சொல்லால் குறிக்கப்படவில்லை.

1943-இல் பலெர்மோவில் பிடிபட்ட இத்தாலியச் சிப்பாய்க்குச் சட்டம் ஒரு பெயர் வைத்திருந்தது. சயாமில் இறந்த மலாயாத் தமிழனுக்கு வைத்திருக்கவில்லை. வரலாற்றாசிரியர் முதலில் செய்ய வேண்டியது அப்பெயரை வழங்குவதே. பட்டியலும் கல்லும் படமும் அதன்பின் வரக்கூடியவை.